ஹாஷிம் நானாவும் என் தலைச்சோடியும்

ஹோட்டல் வாசலில் ஹயர், அதாவது வாடகைச் சவாரி, ஓடுகிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரிவதைவிடக் காத்திருக்கத் தெரிய வேண்டும். கண்டி வாவிக்கு மேலே இருக்கிற எங்கள் ஹோட்டலின் பின்பக்கத்தில் சாரதிமாருக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஆடுகிற மேசை, ஓடாத மின்விசிறி. என் வாழ்க்கையில் பாதி அங்கேதான் போனது. நீங்களும் இந்தத் தொழில்காரர் என்றால் அந்த அறையின் வாடை இப்போதே உங்கள் மூக்கில் ஏறியிருக்கும்.

சோடா மூடி

பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தோமே, அந்த நாட்களில்தான் எங்களுக்குப் போக்கர் வந்தது. ஊர் சுற்ற வழியில்லாமல் ஹோட்டலில் மாட்டிக்கொண்ட ஒரு நெதர்லாந்துக்காரர் சொல்லிக்கொடுத்தார். அதுவரைக்கும் நாங்கள் முந்நூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் ஆடியவர்கள். இது வேறு. கையில் ரெண்டு சீட்டு, அது உங்களுக்கு மட்டும். மேசையில் ஒவ்வொன்றாக விரியும் ஐந்து சீட்டு, அது எல்லாருக்கும். மேசையில் இருப்பதிலேயே பெரிய சீட்டுக்கு உங்கள் கையில் ஒரு ஜோடி இருந்தால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் தலைச்சோடி. நல்ல கைதான், ஆனால் அதை வெல்லவும் நிறையச் சீட்டுகள் உண்டு. நிம்மதியாகத் தூங்கவும் விடாது, தூக்கிப் போடவும் மனம் வராது.

பந்தயம் காசு இல்லை. சோடா மூடிகள்தான். கடைசிவரை மூடி வைத்திருப்பவருக்கு மறுநாளின் நல்ல ஹயர். அதற்கு முன்பெல்லாம் நல்ல ஹயருக்காக ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவோம். ஒருத்தருக்குத் தாய்க்குச் சுகமில்லை, ஒருத்தருக்குத் தங்கச்சி கல்யாணம். சண்டை கைகலப்பில் முடிந்த அன்று, எங்களில் மூத்தவரான, கடுகண்ணாவை ஊர்ப் பண்டார அய்யா சட்டம் போட்டார்: "காரணம் சொல்லணும்னா கோவிலுக்குப் போங்க, இங்க சீட்ட மட்டும் காட்டுங்க."

பார்க்காத சீட்டு

ஹாஷிம் நானா கம்பளைக்காரர். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். ஐம்பது தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, எப்போதும் மடிப்புக் குலையாத சட்டை. ஆளைப் பார்த்தால் பள்ளிவாசல் நிர்வாகசபையில் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி இருப்பார். மேசையில் உட்கார்ந்தால் காட்டாறு. நல்ல கை வந்தாலும் மூடிகளை நடுவில் பந்தயமாகத் தள்ளுவார், ஒன்றுமில்லாவிட்டாலும் தள்ளுவார். எப்போது எது என்று அவரைப் படைத்தவனுக்கே வெளிச்சம்.

ஒருநாள் எனக்கு ராஜாவில் தலைச்சோடி. நானா தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே வைத்துக்கொண்டு மூடி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். இத்தனை தைரியமாகத் தள்ளுகிற மனுஷன் சும்மாவா தள்ளுவார் என்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் சீட்டைத் திருப்பினார். மூன்றும் ஒன்பதும். எங்களோடு சேர்ந்து அவரும் அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்க்கிறார்! பார்க்காமலா விளையாடினீர்கள் என்று கத்தினேன். நானா மூடிகளை அள்ளிக்கொண்டே சொன்னார்: "பாத்தா மொகத்துல தெரிஞ்சிரும் தம்பி, அதான் பாக்கல்ல."

கணவாயில்

இப்படிப்பட்டவரின் வண்டியில் ஏறவே பயந்திருந்தேன். என் வேன் கராஜில் கிடந்த ஒருநாள் பேராதனையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் தாண்டி அவரோடு போக வேண்டி வந்தது. கணவாய் இறக்கத்தில் ஒரு சீமெந்து லொறி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ இடத்தில் முந்தியிருக்கலாம். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அடித்தே காதைக் கிழித்தான். நானா அசையவில்லை. லொறியின் புகையைக் குடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ ஓதிக்கொண்டு, அடிவாரம் வரைக்கும் அதன் பின்னாலேயே போனார்.

அன்றைக்குத்தான் அவர்மீது எனக்கு மரியாதை வந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. மேசையில் புலியாகப் பாய்கிற ஆள் இங்கே ஏன் இப்படி என்று கேட்டேன். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்: "மேசையில போறது என்ட மூடி, இங்க போறது அடுத்தவன்ட உசிரு."

பண்டார அய்யாவின் வைத்தியம்

நானாவிடம் தோற்றுத் தோற்று நான் சிகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, பண்டார அய்யா இரங்கி ஒரு வழி சொன்னார். தலைச்சோடி வந்தால் நானாவை எதிர்த்துத் தள்ளாதே. அவர் தள்ளுகிற அளவு மூடியை நீயும் வைத்துவிட்டுச் சும்மா இரு. வெறுங்கையோடு தள்ளுகிற ஆளைத் தடுக்காமல் விட்டால் அவரே எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து கொட்டுவார்.

அப்படியே செய்தேன். அவர் தள்ளும்போதெல்லாம் நானும் அதே அளவு வைத்து, "சரி, வர்றேன்" என்று மட்டும் சொல்லுவேன். ஒரே கிழமையில் இரண்டு தரம் நானா கவிழ்ந்தார். தோற்ற ஆளுக்கு முகம் சுருங்க வேண்டுமே! மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு காதருகே குனிந்து சொன்னார்: "நல்லா வெளாடுறீங்க தம்பி, ஆனா உங்களுக்கு ரொம்பத் தேவப்படுற அன்னைக்கி இப்படி இருக்கீங்களான்னு பாப்பம்."

தேவைப்பட்ட அன்று

என் மனைவி சாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம். வழியனுப்பிய அன்று, நீ திரும்பி வரும்போது இதே வாசலில் நிற்பேன் என்று விமான நிலையத்தில் வைத்து வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வந்து இறங்குகிற நாளுக்கு ஹோட்டலில் இரண்டு ஹயர். ஒன்று கட்டுநாயக்க விமான நிலையம், மற்றது சிகிரியா. வரமுடியாது என்று சொல்கிற சாரதியின் பெயரை ஹோட்டல் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். காரணமும் சொல்லக்கூடாது. சட்டம் சட்டம்தான். எனவே வாயைத் திறக்காமல் மேசையில் உட்கார்ந்தேன்.

மற்றவர்கள் எல்லாம் தோற்றுப்போய், கடைசியில் நானாவும் நானும். அன்றைய கடைசி ஆட்டம், இதில் ஜெயிப்பவருக்குக் கட்டுநாயக்க. என் கையில் ஆசும் ராணியும். மேசையில் முதல் மூன்று சீட்டில் ஒரு ராணி, ஒரு எட்டு, ஒரு மூன்று. தலைச்சோடி! நானா தள்ளினார், வர்றேன் என்றேன். நாலாவது சீட்டு ஒரு ஐந்து. இன்னும் தள்ளினார், அதற்கும் வர்றேன் என்றேன். ஐந்தாவதாக இன்னொரு எட்டு விழுந்தது. நானா மிச்சம் எல்லாவற்றையும் தள்ளினார். அவர் கையில் ஒரு எட்டு இருந்தால் மூன்று எட்டாகிவிடும், நான் முடிந்தேன். பண்டார அய்யாவின் பாடம் முழுக்க ஞாபகம் இருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் பெட்டியோடு தனியாக நிற்கிற சாந்திதான் தெரிந்தாள். பயந்து, சீட்டைப் போட்டுவிட்டேன். நானா திருப்பிக் காட்டினார். ஆறும் இரண்டும். ஒன்றுமேயில்லை.

ஆட்டம் முடிந்துவிட்டதே, இனிச் சொன்னால் குற்றமில்லை என்று நானாவை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். திரும்பி வரும்போது அவளைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டேன். நானா என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "கூட்டி வாறன் தம்பி, ஆனா முன்னுக்கே சொல்லியிருந்தாலும் தள்ளித்தான் இருப்பன்."

மஹய்யாவ, அன்று மாலை

சிகிரியாவிலிருந்து நான் எங்கள் மஹய்யாவ வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாந்தி குளித்து, தலை துவட்டி, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். வாக்குக் கொடுத்த வாசலில் நிற்காத புருஷனாக, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள். வெள்ளைக்காரர்களை வரவேற்கத் தூக்கிக் காட்டுகிற பெயர்ப்பலகையில் 'திருமதி சாந்தி' என்று பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு, தொப்பி போட்ட ஒருவர் வாசலில் முன்வரிசையில் நின்றாராம். பெட்டியை அவர்தான் தூக்கினாராம். கதவைத் திறந்துவிட்டு, ஹோட்டல் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற குளிர்ந்த ஈரத்துவாயை நீட்டினாராம். இரண்டு வருஷமாக மற்றவர்களுக்குத் துவாய் மடித்துக் கொடுத்தவள் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாளாம். அந்த மனுஷன், அவள் முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி வெளியே நின்றாராம். கேட்டுக்கொண்டிருந்த என் கண்ணும் நனைந்துவிட்டது.

வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் நானா ராணியையும் எட்டையும் பற்றி ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். சாந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். கேட்டாள்: "யாருன்னே தெரியாதவங்க வீட்டுல ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்திருக்கேன், நீங்க தெனமும் பாக்குற மனுஷனுக்கா பயந்தீங்க?"

தலைச்சோடியைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படாமல் இருப்பது எப்படி என்று இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் நண்பர்களே, இப்போது அதற்கு மேசையில் நானா என்கிற வாத்தியாரும் வீட்டில் சாந்தி என்கிற வாத்தியாரும் இருக்கிறார்கள்.