விசில் மாமாவிடம் இருந்தது

அலுவலகத்தில் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன், இந்த வயதில் உட்கார்ந்தபடி தூங்காமலிருக்க வேறு வழியில்லை. உண்மையில் அந்தப் பாடத்தை நான் பத்து வயதிலேயே, புக்கிட் பெலிம்பிங் பக்கத்து எஸ்டேட்டில், சின்ன மாமாவிடம் படித்து முடித்திருந்தேன்.

எங்கள் மாட்டை மேய்க்கும் பொறுப்பு மாமாவுடையது. அதை அவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஒருநாள் நான் கோலி விளையாட்டில் மெய்மறந்திருந்தபோது, மாடு மறுநடவுக் காட்டுக்குள் புகுந்து செம்பனைக் கன்றுகள் நாலைந்தை ருசி பார்த்துவிட்டது. காவலுக்கு நின்ற ஜாகா அதைப் பிடித்துக்கொண்டுபோய், ரப்பர் காலத்துப் பழைய புகைக்கொட்டகையில் கட்டிவிட்டார்.

இன்னொரு முறை பிடிபட்டால் மாட்டை விற்றுவிட வேண்டியதுதான் என்று மேனேஜர் ஏற்கெனவே அப்பாவிடம் சொல்லியிருந்தார். அன்று மேனேஜர் டவுனுக்குப் போயிருந்தார். அவர் திரும்பினால் கதை முடிந்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டப் போயிருந்தார். வீட்டில் கன்றுக்குட்டி கத்த, அம்மா அடுப்படியில் அழுதார்.

மாமா உடனே படை திரட்டினார். படை என்றால் நானும் அக்காவும். குச்சியால் மண்ணில் படம் போட்டார். ஜாகா சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து நான் கொட்டகைக்குள் புகுந்து கயிற்றை அவிழ்க்க வேண்டும். அக்கா வேலியோரம் கன்றுக்குட்டியோடு நின்றால் மாடு தானாக வந்துவிடும். மாமா தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, ஆபத்து என்றால் விசில் ஊதுவார்.

"நீங்க வரலையா மாமா?" என்றாள் அக்கா.

"தளபதி முன்னால போயிட்டா மேல இருந்து யாரு பாக்குறது? யோசிச்சுப் பேசு லா!"

எனக்கு மெய்சிலிர்த்தது.

முடிச்சு பாதி அவிழ்ந்த நேரத்தில் என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. ஜாகாதான். விசில் சத்தமே வரவில்லை. அக்கா கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். நிமிர்ந்து பார்த்தேன், தொட்டி மேல் மாமாவின் தலை மெல்ல இறங்கி மறைந்தது.

ஜாகா என்னை ஆபீசுக்கு இழுத்துப்போனார். அங்கே கணக்கெழுதும் பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருடா அனுப்புனா? சொல்லிட்டா விட்டுர்றேன்."

"யாரும் அனுப்பல ஐயா. நானாத்தான் வந்தேன்."

சித்திரவதைக்கும் தயாராக நின்றேன். கிராணியிடம் இருந்ததோ ஒரே ஒரு பேனா.

அப்போதுதான் மாமா நுழைந்தார், தலை வாரி, சட்டை மாற்றி. வந்த வேகத்தில் என் காதைத் திருகினார். "எத்தன தடவ சொல்லிருக்கேன்? ஐயா, சின்னப் பையன், மாட்டு மேல உசிரு. மேனேஜர் காதுக்குப் போகாமப் பாத்துக்குங்க. இனிமே மாட்டுக்கு நான் பொறுப்பு."

"ஒன்னய மாதிரி ஒருத்தன் வீட்டுக்கு இருந்தாப் போதும் தம்பி" என்று கிராணி நெகிழ்ந்துபோய், மாட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு மாமா முன்னால் நடந்தார். அவர் கையில் கயிறு, கயிற்றில் மாடு, மாட்டு வாலுக்குப் பின்னால் நான். பெண்கள் வாசலுக்கு வந்து அவரைப் புகழ்ந்தார்கள். அம்மா அவருக்கு இரண்டு முட்டை பொரித்தார்.

"ஏன் மாமா விசில் ஊதல?"

"ஊதுனா நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சிருமே, மருமவனே!"

என்ன ஒரு முன்யோசனை! இப்படியொரு தலைவருக்காக இன்னொரு காதையும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஒன்றுதான் அன்று எனக்குப் பிடிபடவில்லை. கொட்டகையில் நான் பாதியில் விட்ட முடிச்சை மாமாவால் அவிழ்க்கவே முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. கடைசியில் நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். கிராணி கண்ணுக்கு எட்டாத தூரம் வந்த பிறகும் கோபத்தில் நடுங்கும் வேஷத்தைக் கலைக்காமல் நிற்கிறாரே, எப்பேர்ப்பட்ட நடிகர் என்று வியந்துகொண்டே.