அலசக் கூடாத துணி

புனேயின் கட்கி பஜாரில் ஜோசபின் ஆன்ட்டியின் அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு தலையணை. அதன் உறை நீலக் கட்டம் போட்ட ஆண் சட்டை ஒன்றிலிருந்து வெட்டியது. சட்டைப் பையை மட்டும் பிரிக்காமல் விட்டுத் தைத்திருந்தார். படுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பையில்தான் வைப்பார்.

அது அவர் கணவர் கிறிஸ்டோபரின் சட்டை. கிறிஸ்டோபர் என் அப்பாவோடு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்தார். ஆலைக்குள் சொந்த உடுப்போடு போக முடியாது. வாசலுக்குப் பக்கத்து அறையில் சட்டையையும் பேண்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பொத்தான்கூட இல்லாத ஆலை உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அதே உடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை என் அப்பா ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பையைப் பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு அது என்ன ஆனது என்று நான் யோசித்ததே இல்லை.

குடும்ப பென்ஷனில் காலம் தள்ள முடியாமல் ஆன்ட்டி கோதடி தைக்க ஆரம்பித்தார். பழைய புடவைகளை அடுக்கி நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் மராட்டிப் போர்வைதான் கோதடி. எங்கள் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் ஆன்ட்டியிடம் வந்தவை பெரும்பாலும் உயிரோடு இல்லாதவர்களின் துணிகள். செத்துப்போன பெண்ணின் பள்ளிக்கூட டை, அவள் அம்மா ஜெபப் புத்தகம் கொண்டுபோகும் பைக்குக் கைப்பிடியாயிற்று. கந்தசாமி என்ற பழைய சிப்பாயின் மஃப்ளர் பேரப்பிள்ளைக்கு இடுப்புப் பட்டையாயிற்று. ஒருமுறை எங்கள் லைன் அந்தோணியம்மாள் புருஷனின் நாலு பேண்ட்டைக் கொண்டுவந்து போட்டார்.

“ஐயோ, எப்ப?” என்று ஆன்ட்டி பதறினார்.

“நல்லாத்தான் இருக்கான், தின்னுபுட்டுத் தூங்குறான். அவன்தான் ஒண்ணுத்துக்கும் ஆவல, பேண்ட்டாவது ஆவட்டுமேன்னு எடுத்தாந்தேன்.”

துணியை வாங்கும்போது ஆன்ட்டி ஒரு கேள்வி கேட்பார். “தொவைக்கட்டுமா, அப்படியே தைக்கட்டுமா?” பதில் வரும்வரை தொட மாட்டார். எங்கள் ஆட்களுக்கு அது விநோதமான கேள்வி. சாவு வீட்டுத் துணியை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு அலசாமல் யாராவது வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்களா?

நான் பி.காம். முடித்து, விமான் நகரில் ஒரு கம்பெனியில் கணினியில் விவரம் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். என் மேலதிகாரி பார்கவி மேடம் கோயமுத்தூர்க்காரர். அவர் மூலமாகத்தான் அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகள் ஐந்தாறில் ஆன்ட்டிக்கு வேலை கிடைக்க ஆரம்பித்தது. கைக்குழந்தையின் சட்டைகளைச் சேர்த்துப் போர்வையாகத் தைக்கச் சொல்வார்கள், நல்ல கூலியும் கொடுப்பார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் மேடத்தின் கணவர் நிர்மல் லோனாவாலா பக்கம் கார் விபத்தில் இறந்தார். அவர் ஹோட்டல் ஒன்றில் மேனேஜர். ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்த மேடம், ஒரு சனிக்கிழமை என்னைத் தனியாக அழைத்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே பதினோரு டைகள். சிலவற்றில் முடிச்சுகூட அவிழ்க்காமல் இருந்தது.

“பொண்ணு சுப்ரஜா ராத்திரியில தூங்கறதில்லீங்க ஜம்பு. இதைக் கட்டிப் புடிச்சாத்தான் கண்ணு மூடறா. இப்படியே விட்டா நூல் நூலாப் போயிரும். சின்னதா ஒரு போர்வை மாதிரி பண்ணித் தரச் சொல்லுங்க. அலச மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க. அவர் வாசம் இதுல மட்டுந்தான் மிச்சம் இருக்கு.”

சரி மேடம் என்றேன். நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

ஆன்ட்டி அன்று சாயங்காலம் சர்ச்சுக்குப் போயிருந்தார். பையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“யாரு துணிடா?”

சொன்னேன்.

“செத்தவன் துணிய அலசாம கொள்ளாம உள்ள எடுத்தாந்தியா? படிச்சவன்தானே நீ? அங்கயே நில்லு.”

அடுப்பில் அண்டா ஏறியது. நான் வாசலில் நின்றேன். மேடம் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வியர்வை வாசத்துக்காக ஒரு துணியை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஆபீஸ்காரர்களின் கிறுக்குத்தனம் என்று அவள் சிரிப்பாள், கூட நானும் சிரிப்பேன் என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு. பேருந்தில் அந்தப் பையை மடியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொண்டுதான் நானும் வந்தேன். அம்மாவுக்கு இருந்த கூச்சம் எனக்கும் இருந்தது. பட்டப்படிப்பு அதைத் தொடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் டைகள் வெந்நீரில் இறங்கிவிட்டன என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். தண்ணீர் கொதிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்ட்டி பையைத் திறந்தார். பட்டு டைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. மெரூன் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“அலச வேணாம்னு சொன்னாங்களா?”

“ஆமாம் ஆன்ட்டி.”

“ஒங்கம்மாவா?”

தலையாட்டினேன். அவர் டையை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். பிறகு தலையணையைக் காட்டினார்.

“இதையும் ஒங்கம்மாதான் அலசுனா. நான் மயக்கமாக் கெடந்தேன். பாடி வீட்டுக்கு வர்றதுக்குள்ள நல்லதுன்னு நெனச்சு செஞ்சிட்டா. எந்திரிச்சு, அவரு சட்டை எங்கன்னு கேட்டேன். கொடில சொட்டிக்கினு இருந்துச்சு. அன்னிக்குக் காலைல போட்டுக்கினு போனது ஜம்பு. அவரு பவுடரு வாசம், பீடி வாசம், எல்லாம் அதுலதான் இருந்துச்சு. இன்னி வரைக்கும் மோந்தா சோடாதான்.”

“அம்மாகிட்ட சொல்லலையா?”

“பதினஞ்சு நாளு எனக்குக் கஞ்சி ஊத்துனவகிட்ட என்னான்னு சொல்றது?”

அன்றைக்கே புறப்பட்டோம். தைத்துக் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஆன்ட்டி செருப்பை மாட்டினார். சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

கதவைத் திறந்தது மேடம். பின்னால் சுப்ரஜா, ஐந்து வயது. பையை அடையாளம் கண்டு ஓடி வந்தாள்.

“அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு,” என்றார் ஆன்ட்டி. “பழக்கத்துல அலசிட்டேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லலீங்களா, ஜம்பு?”

“அவன் சொன்னான்மா. நான்தான் காதுல வாங்கல.”

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். தரையில் பதித்த வெள்ளைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுப்ரஜா பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு டையை எடுத்து முகத்தில் வைத்தாள். கீழே போட்டாள். அடுத்ததை எடுத்தாள். பதினொன்றையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். முடிந்ததும் வேறு ஏதாவது இருக்கிறதா என்று காலிப் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

மேடம் சத்தம் போடவில்லை. “சட்டையெல்லாம் மூணாம் நாளே மாமியார் தொவைக்கப் போட்டுட்டாங்க. டையை யாருங்க தொவைப்பாங்கன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு, “நீங்க போங்க,” என்றார். போகும்போது பையையும் டைகளையும் ஆன்ட்டியின் கையில் திணித்தார். அவற்றைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் ஆன்ட்டி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“ஒனக்கு அந்தம்மாகிட்ட வேலை. அது ஒண்ணு.” கொஞ்ச தூரம் நடந்தார். “என் தப்பும்தான்டா. அன்னிக்கே ஒங்கம்மாகிட்ட, இப்படிப் பண்ணிட்டியேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னிக்குப் பண்ணியிருக்க மாட்டா. பன்னெண்டு வருசமா வாய மூடிக்கினு இருந்தேன். வர்றவங்க கிட்டல்லாம் தொவைக்கவா வேணாமான்னு கேட்டேன். கேக்க வேண்டியவகிட்ட கேக்கல. இப்பவும் அவளுக்குத் தெரிய வேணாம்.”

திங்கட்கிழமை மேடம் என் மேசைப் பக்கம் வந்தார். “அந்தம்மாவை இனிமே எங்க பில்டிங்குக்கு அனுப்பாதீங்க ஜம்பு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“சரி மேடம்,” என்றேன். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்த வீடுகளின் வேலை நின்றது. லைனில் வரும் துணிகளை மட்டும் வைத்து வாடகை கொடுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் ஆன்ட்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்தார். படுக்கை விரிப்புகளைக் கொதிநீர் இயந்திரத்தில் போட்டு எடுக்கும் வேலை. கைத்தோல் உரிந்து நூல் கோக்க முடியாமல் போயிற்று. ஆனாலும் அதற்கு முன்பே அந்த டைகளைப் பிரித்து, உள்ளே இருந்த கம்பளிப் பட்டையை எடுத்துவிட்டு, இஸ்திரி போட்டு, சாயம் இறங்கிய பக்கத்தை உள்ளே மடித்து ஒரு சின்னப் போர்வை தைத்து வைத்திருந்தார்.

“புள்ள பெரிசானா கேக்கும்,” என்றார்.

யாரும் கேட்டு வரவில்லை. இரண்டாயிரத்து ஏழில் மேடம் வேலையை விட்டுக் குழந்தையோடு கோயமுத்தூருக்குப் போய்விட்டார். அவர் விடைபெற்ற அன்று எல்லாரோடும் சேர்ந்து நானும் கேக் தின்றேன். அன்றும் சொல்லவில்லை.

போன தை மாதம் எங்கள் லைனில் பரமசிவம் மாமா இறந்தார். அவர் வீட்டிலிருந்து ஒரு மூட்டைத் துணியை அம்மா எடுத்து வந்து அண்டாவை ஏற்றினாள். எனக்கு என்ன ஆயிற்றோ, அண்டாவை இறக்கினேன். மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அலசு என்றேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டைகளை, ஆணியில் தொங்கிய சட்டையை, கொடியில் சொட்டிய தண்ணீரை.

அம்மா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஜோசு என்கிட்ட ஒண்ணுமே சொல்லலியேடா,” என்றாள். அதையே நாலைந்து முறை சொன்னாள். அன்றிலிருந்து ஆன்ட்டி வீட்டுப் பக்கம் அவள் போவதில்லை. பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான் டீ குடிப்பாள். எதிரே வந்தால்கூடச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஆன்ட்டிக்கு விஷயம் எட்டியதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அறை முழுக்க சோடா நெடி.

“வாயத் தொறக்க வேண்டிய எடத்துல கல்லு மாதிரி நின்ன. மூட வேண்டிய எடத்துல போயித் தொறந்திருக்க,” என்றார். “எனக்கு இருந்தது அவ ஒருத்திதான்டா.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலையணையின் பையில் செருகிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.