எக்ஸ்ரே அறையில் ஒரு குயில்

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘மூச்சைப்பிடி’ என்று பெயர். எக்ஸ்ரே எடுப்பவர் வேறென்ன சொல்வார்? ஆனால் அவர் அதைவிட அதிகம் சொன்னது எலும்புப் பெயர்களின் பூர்வீகக் கதையைத்தான். மேஜை ஜில்லென்றிருக்கும், தலைக்கு மேல் கருவி தொங்கும், படுத்தவர் நெளிவார். ரோமானியர்கள் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பையும் ஊதுகுழலையும் ஒரே பெயரால் அழைத்தார்கள் என்று இவர் எடுத்துவிட்டால், நெளிவது மறந்துபோகும்.

வினை எலி ரூபத்தில் வந்தது. தோள் பிசகிய பயில்வான் ஒருவரிடம், “மசில்னா லத்தீன்ல சுண்டெலிங்க. கையை மடக்கினா தோலுக்கடியில எலி ஓடற மாதிரி இருந்துச்சாம்” என்று உளறிவைத்தார். பயில்வான் நேரே போய்ப் புகார் கொடுத்தார். பெரிய டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

“இன்னும் ஒரு கதை காதுல விழுந்துச்சு, ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுவேன். அங்க பஞ்சுக்கும் பேண்டேஜுக்கும் சொல்லிக்கிட்டிருங்க.”

அதோடு மனிதர் வாய்க்குப் பூட்டு.

குளியலறையில் வழுக்கி, உட்காரும் இடத்து எலும்பில் அடிபட்டு, அதே மேஜையில் வந்து படுத்தாள் அவர் மனைவி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இவரோடு டாக்டரம்மாவும் நின்றார்.

“அசையாதே.”

“ஏங்க, அவ்வளவுதானா? உப்புக் கேட்டா உப்போட சரித்திரத்தையே சொல்ற ஆளாச்சே! ஐயோ, பெருசா ஏதோ இருக்கு, மறைக்கிறீங்க!”

அழுகையில் உடம்பு குலுங்கியது. முதல் படம் கலங்கல். அடுத்ததும் கலங்கல். இன்னும் எத்தனை தடவைதான் அவள் மேல் கதிரைப் பாய்ச்சுவது? ஸ்டோர் ரூமின் பஞ்சு வாடை இப்போதே மூக்கில் ஏறியது. ஏறட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“அந்த எலும்புக்கு காக்ஸிக்ஸ்னு பேரும்மா. கிரேக்கத்துல அது குயில். அலகு மாதிரியே வளைஞ்சிருக்காம்.”

“என் இடுப்புக்குக் கீழ குயிலா? எந்த வேலையத்தவன் அங்க போய்ப் பார்த்தான்?”

“மூச்சைப் பிடி.”

பிடித்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. முறிவு இல்லை.

டாக்டரம்மா அப்புறமும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அலகேதான்” என்று முணுமுணுத்தவர், சட்டென்று முகத்தில் கண்டிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“சரி, இங்கயே இருங்க. ஆனா பயப்படறவங்களுக்கு மட்டும்தான் கதை.”

“பயப்படாதவங்க யாரு டாக்டர் இந்த மேஜையில படுக்கறாங்க?”

“உங்க நியாயத்தை அப்புறம் பேசிக்கோங்க” என்றது மேஜைக் குரல். “முதல்ல யாராவது என்னைத் தூக்கி விடுங்க!”