மூன்றாம் மாடியில் ஒரே ஷிப்ட்

அந்த நர்சுகள் விடுதியில், வேலையில் சேர்ந்த தேதிப்படிதான் அறை கொடுப்பார்கள். அதனால் ஒவ்வோர் அறையிலும் மூன்று பேர், மூன்று ஷிப்ட், மூன்று அலாரம். எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் பெண், இரவு ஷிப்ட் தொடங்கி ஒன்பது நாளாகியும் பகலில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. வேலையே வேண்டாம் என்று அப்பாவை வரச் சொல்லிவிட்டாள்.

வார்டன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை எட்டு மணிக்கே விடுதியைத் தலைகீழாக்கினாள்.

"நைட் ஷிப்ட் எல்லாம் மூணாம் மாடி! கட்டிலைத் தூக்குங்கடி!"

"மேட்ரன் கேட்டா என்னக்கா சொல்றது?"

"அவங்களும் தூங்காம அழுத நர்ஸ்தான்னு சொல்லு."

சிரிப்பும் கூச்சலுமாகக் கட்டில்கள் படியேறின. கறுப்புப் போர்வைகள் ஜன்னலை மூடின. ஒன்பது மணிக்குப் புதுசு படுத்தாள். பதினொரு மணிக்கு அப்பா வந்துவிட்டார்.

"பொண்ணைக் கூப்பிடுங்கம்மா. ரெண்டு மணிக்கு பஸ்."

"தூங்குறா ஐயா."

"எழுப்புங்க."

"வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்க. அவளை எழுப்ப மாட்டேன்."

அக்கா மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். செருப்புச் சத்தத்தோடு வந்தவர்களையெல்லாம் கண்ணாலேயே மிரட்டித் திருப்பினாள். பஸ் நேரமும் போயிற்று. அப்பா நாற்காலியிலேயே குறட்டை விட்டார்.

ஐந்து மணிக்குப் புதுசு இறங்கி வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம்.

"அக்கா, எட்டு மணி நேரம்! எட்டு!"

அப்பா பதறி எழுந்தார். "பெட்டி எங்கம்மா?"

"மேலேயே இருக்குப்பா. கோவிச்சுக்காதீங்க, இன்னும் ஒரு மாசம் பார்க்கிறேன்."