பன்னிரண்டாம் அட்டையில் இருப்பவர்

அந்த முகம் பொய். பொய்யென்று தெரிந்தே நான் வரைந்த முகம் அது…

பன்னிரண்டு தபாலட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வெள்ளையரின் அணிகளில் இடம் மறுக்கப்பட்டு, தமக்கென்று அணிகள் அமைத்து ஆடிய அமெரிக்கக் கறுப்பின பேஸ்போல் வீரர்களின் ஓவியங்கள். பன்னிரண்டாவதை எடுத்துப் பாருங்கள். பந்தெறியக் கையை ஓங்கி நிற்கிறாரே… அவர் அட்டையில் பெயருள்ள அந்த வீரர் அல்லர். பென்டில் ஹில்லில் லொறி ஓட்டும் என் தம்பி குகன்!

எப்படி இதைச் செய்யத் துணிந்தேன்?

என் மகள் எங்கள் நகரின் புறநகரான பிளாக்டவுனில் பேஸ்போல் பழகினாள். அவளுடைய பயிற்றுநர் வால்டர் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினத்தவர். காத்திருக்கும் பெற்றோருக்கு அந்தப் பழைய வீரர்களைப் பற்றிச் சொல்வார். விடுதிகள் இடம் கொடுக்காததால் பேருந்திலேயே உறங்கி, மறுநாள் மைதானத்தில் இறங்கி வென்றவர்கள்! அகதியாக வந்த எனக்கு அவர்கள் அந்நியராகத் தோன்றவில்லை. வரையட்டுமா என்று கேட்டேன். மறுவாரமே பெயர்ப் பட்டியலுடன் வந்தார்.

பதினொருவருக்குப் பழைய புகைப்படங்கள் கிடைத்தன. பன்னிரண்டாமவர் வால்டரின் தாத்தா, தாயாரின் தகப்பன். வீடு தீப்பற்றியபோது அவருடைய படங்களெல்லாம் எரிந்துபோயின. அவருக்குப் பெயர் மட்டும் அச்சிட்டால் போதும் என்றார் வால்டர்.

எனக்குப் போதவில்லை. என் தொகுப்பு ஒரு வெற்று அட்டையோடு முடிவதா? குகனுக்குத் தொப்பி போட்டு, வீட்டுப் பின்வளவில் நிற்க வைத்து வரைந்தேன். கற்பனை முகம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்…

வால்டர் ஓவியத்தை இரு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.

"எங்கே கண்டுபிடித்தீர்கள் இவரை?"

"ஒரு பழைய செய்தித்தாளில்."

யோசிக்கவே இல்லை. அவ்வளவு எளிதாக வந்தது.

வெளியீட்டு விழாவுக்கு வால்டரின் தாயார் அமெரிக்காவிலிருந்து பறந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தவர். மண்டபம் நிறைந்திருந்தது. அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு விரலால் தன் உதட்டைத் தொட்டார்.

"இது என்னுடைய வாய். பார், வால்டர்… என் வாய் இவரிடமிருந்துதான் வந்திருக்கிறது."

மகளின் அணிப் பிள்ளைகள் எழுந்தார்கள். பிறகு மண்டபமே எழுந்தது. அந்தக் கைதட்டல்! பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட யாரும் மெனக்கெடாத நாட்டில், என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் வென்றேன். ஒருபோதும் இல்லாத அளவுக்கு வென்றேன்.

குகன் பின்னால் ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தான். அதற்குள் தாடி வளர்த்திருந்தான். திரும்பி வரும்போது காரில் சொன்னான்:

"அந்த மனுசி என்ர கையைப் பிடிச்சு, சாப்பாடு நல்லாயிருக்கெண்டு சொன்னவ. என்ர முகத்தைப் பாத்துத்தான் கதைச்சவ. அவவிட்டச் சொல்லிப்போடு அக்கா."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. அந்தச் செய்தித்தாளின் பிரதியை வால்டர் ஒருமுறை கேட்டார். தொலைந்துவிட்டது என்று இரண்டாவது பொய்யும் சொன்னேன்.

தொகுப்பு மீண்டும் மீண்டும் அச்சானது. பள்ளிச் சுவர்களில் அவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். யாரும் கேட்டிராத வீரர்களின் பெயர்களைப் பிள்ளைகள் இப்போது தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். அதையெல்லாம் பார்க்கும்போது வெட்கத்துக்கு முன் பெருமைதான் வருகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என் குற்றங்களில்!

போன மாதம் வால்டர் ஒரு படம் அனுப்பினார். தாத்தாவின் கல்லறைக்குப் புதிய கல். அதில் குகனின் முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அந்தத் தாயார், கல்லின்மேல் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

இனி எப்படிச் சொல்வேன்? சொன்னால் தகப்பனை இரண்டாம் முறை இழப்பார் என்று எனக்கு நானே கூறிக்கொள்கிறேன். அவருக்காகவா மௌனம் காக்கிறேன்… அந்தக் கைதட்டலுக்காகவா?

ஆங்கிலத்தில் மூன்று முறை கடிதம் தொடங்கினேன். முடிக்கவில்லை. இப்போது தமிழில், உங்களிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வால்டருக்கும் அவருடைய தாயாருக்கும் தமிழ் தெரியாது.