தனம் வைத்திருந்த கேமராக்கள்

தனத்தின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. "சொல்லு தனம்" என்றேன். பேசியது அவருடைய தம்பி சேகர். "அக்கா காலைல போய்ட்டாங்க சிஸ்டர்" என்றார். எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. "நீ சாப்டியா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் செவிலியர், தனலட்சுமி மருந்தாளுநர். இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தடுத்த அறைகளில் வேலை செய்தோம். தனம், களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள். அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரி. அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் அவருடைய கேமரா அலமாரி தெரிந்திருக்கும். மொத்தம் இருபத்து மூன்று கேமராக்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைப்பார். மாதம் ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஷட்டரை அழுத்திப் பார்ப்பார். "ஓட்டாம வெச்சா எதுவும் நின்னுடும்" என்பார்.

புதுப் போன் வாங்க நினைப்பவர்கள் முதலில் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். "இருக்கற போனுக்கு இன்னா ஆச்சி?" என்பதுதான் எல்லோருக்கும் கிடைத்த முதல் கேள்வி. பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுவார்கள். எந்தப் பொருளையும் ஒரு வருடம் கையாளாமல் நல்லது என்று சொல்லமாட்டார்; குறையை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

அந்த அலமாரியில் ஒன்றுக்கு மட்டும் தனி உறை இருந்தது. வந்தவாசியில் ஒரு பெரியவரிடம் வாங்கியது. மிகப் பழைய வெளிநாட்டுக் கேமரா என்று சொல்லி விற்றிருந்தார். மற்றவற்றில் எல்லாம் பிலிம் போட்டுப் படம் எடுத்த தனம், அதில் மட்டும் பதினோரு வருடம் எடுக்கவே இல்லை. தேய்ந்துவிடுமாம்.

ஒருமுறை சென்னையிலிருந்து, பழைய கேமராக்களை மதிப்பிடத் தெரிந்த ஒருவர் தனம் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். உறையிலிருந்து எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் தயங்கினார். "மேடம், இது சேர்த்துக் கட்டினதுங்க. பாடி ஒண்ணு, லென்ஸ் வேற. கம்பெனி பேரு அப்புறமா ஒட்டினது."

எனக்குத்தான் முகம் சுருங்கியது. தனம் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "படம் புடிக்குமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நல்லா புடிக்கும்ங்க."

அந்த வாரமே பிலிம் போட்டு, மருந்து வாங்க வரிசையில் நின்ற பெண்களை எடுத்தார். படங்கள் தெளிவாகவே வந்தன. எனக்கு மனம் ஆறவில்லை. "வா, போய் கேக்கலாம். ஏமாத்திட்டு அவரு நிம்மதியா இருக்கணுமா?" என்று தனத்தை இழுத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பஸ் ஏறினேன். கேமராவோடு அதில் எடுத்த படம் ஒன்றும் அவர் பையில் இருந்தது.

பெரியவருக்கு நடை தளர்ந்திருந்தது. தனத்தை அடையாளம் கண்டதும், நாங்கள் வாய் திறக்கும் முன் அவரே கேட்டார்: "எங்கப்பா கேமரா எப்டிமா கீது? பம்பாய்ல வேல செஞ்சப்போ, வவுத்தக் கட்டி வாங்கினாரு. வித்தது தப்போன்னு தினமும் நெனச்சிகினே இருக்கேன்."

நான் தனத்தைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். "நல்லா புடிக்குதுங்க. பாருங்க, இந்தம்மா மூக்குத்தி கூட தெரியுது." பெரியவர் படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "நானே வெச்சிக்கட்டுமா?" என்றார். படத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "வந்த வேலய உட்டுட்டு ஏன் சும்மா இருந்த?"

"சொன்னா கேமரா மாறாது சிஸ்டர். அவருக்கு அவங்கப்பா மாறிடுவாரு" என்றார் தனம்.

போன வருடம் புற்றுநோய் என்று தெரிந்ததும், கேமராக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் மருந்துச் சீட்டு எழுதும் அதே கையெழுத்தில் ஓர் அட்டை. மருத்துவருக்குக் கொடுத்ததில், "வெளிச்சம் கசியும். நிழலில் எடுக்கவும்." துப்புரவுப் பணியாளர் முனியம்மாவுக்கு, "ஷட்டர் மெதுவாக விழும். ஓடுகிற பேரனை இதில் எடுக்க முடியாது." வந்தவாசிக் கேமரா எனக்கு வந்தது. அதன் அட்டையில், "உடல் ஒன்று, லென்ஸ் வேறு. பெரியவர் வீட்டாரைத் தவிர யார் கேட்டாலும் சொல்லிவிடவும்" என்றிருந்தது. படித்துவிட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்த மறுநாள், எங்கள் பக்கத்து வீட்டுச் சரோஜா ஒரு பட்டுப்புடவையோடு வந்தார். கணவரை இழந்து ஒரு வருடமாகிறது. "சுத்த ஜரிகதான் வேணும்னு கட கடயா அலைஞ்சி வாங்கியாந்தாரு. இத எப்டிக்கா பத்திரமா வெச்சிக்கறது?" நான் முள்ளிப்பட்டு கிராமத்தில் தறி வீட்டில் பிறந்தவள். முந்தானையைத் தொட்டதுமே அது அசல் ஜரிகை இல்லை என்று தெரிந்துவிட்டது. முன்பென்றால் வாய் தானாகச் சொல்லியிருக்கும். அன்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நெசவு நல்லா கீதுமா. மடிப்ப மாத்தி மாத்தி வை. பெட்டிலயே பூட்டி வெக்காத, விசேஷத்துக்குக் கட்டு" என்றேன்.

பொருளைப் பற்றிப் பேசும் முன் அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பது தனத்தின் பழக்கம். இனி அது என்னிடம் இருக்கும்.