பூக்கடையில் திருட்டு

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நான் கணக்குப் பார்க்கும் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து எனக்கு எரிச்சல்தான். காலையில் நிறுத்து வாங்கிய மல்லிகை சாயங்காலத்துக்குள் வாடி எடை குறையும். குறைந்ததற்குக் காரணம் சொல்லாமல் அன்றைய கணக்கை முடிக்கக் கம்ப்யூட்டர் விடாது. அதில் இருக்கும் காரணங்களோ இரண்டே: உடைந்தது, திருடு போனது. பூ எங்கே உடையும்?

சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஏதாவது ஒண்ண அமுக்கி விடுங்க சார்" என்றார்கள். தினமும் திருட்டை அமுக்கினேன்.

போன வாரம் முதலாளி தராசுக்கு மேலே கேமரா மாட்டினார். எடை போடும் அக்கா அழுதுவிட்டார்.

"பூ வாடுனா எடை குறையும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே? திருட்டுன்னு அமுக்குனதே நான்தான்" என்றேன்.

பூ வியாபாரத்திலேயே தலை நரைத்த அந்த மனிதர் சொன்னார்: "தெரியும்ப்பா. ஆனா கம்ப்யூட்டர்ல திருட்டுன்னுல்ல வருது?"